பதிவிலிருந்த எண்

மழை பிடித்துவிட்டால் சுக்குக்கு ஆகாது. கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில், காயலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்தச் சரக்குக் கிட்டங்கியின் நடுமுற்றத்தில் ஏப்ரல், மே முழுக்கக் காய்ந்து கிடந்த சுக்கை ஜூன் பிறந்ததும் உள்ளே வாரிவிடுவார்கள். அதற்குமேல் எல்லா வேலையும் ஓட்டுக்கூரைக்கு அடியில்தான். சலிக்க வேண்டும், பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கி எறிய வேண்டும், முழுசையும் உடைசலையும் பிரிக்க வேண்டும். வெளுப்புக்காகப் பூசிய சுண்ணாம்பு ஒவ்வொரு சலிப்புக்கும் தூளாக எழும்பும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டி, கண் மட்டும் தெரிய முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தால், பெற்ற தாயே வந்தாலும் தன் பெண் எது என்று சொல்ல முடியாது.

இசக்கிசெல்வி அந்த வரிசையில் உட்கார ஆரம்பித்து நாலு வருஷமாகிறது. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துக் கிராமம். ஆறு வயது மகளோடு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தவளை, ஊர்க்காரி வசந்திதான் இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். இடது மணிக்கட்டு எலும்பு கோணலாக ஒட்டியிருந்ததால் செல்வி சல்லடையை வலது கையாலேயே ஆட்டுவாள். சாயங்காலம் தோள் கழன்று விழுவதுபோல் இருக்கும்.

அன்றைக்கு மத்தியானம் சோற்றுத் தூக்கைத் திறக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பாதிச் சோற்றோடு எழுந்து போனாள்.

ஐந்தாம் வகுப்பு டீச்சர் சீதாலக்ஷ்மி பாலக்காட்டுக்காரி. ரிட்டயராக இன்னும் மூன்று வருஷம் இருந்தது. ஆசிரியர் அறையில் கூரை ஒழுகிய இடத்தில் வாளி வைத்திருந்தார்கள்.

"உட்காரு, செல்வி. ப்ரியாவோட ஆதார் இன்னும் சரியாகலை, கேட்டயா. நாளைமறுநாள் ஆறாவது வேலை நாள் ஆக்கும். அன்னிக்கு யார் யாரோட நம்பர் கம்ப்யூட்டர்ல ஒத்துப்போறதோ, அந்தக் குழந்தைகளை மட்டும்தான் எண்ணுவா. என் க்ளாஸ்ல ஒரு தலை குறைஞ்சா ரெண்டு டிவிஷனை ஒண்ணாச் சேத்துடுவா."

"பிள்ள தெனமும் வருதுல்லா டீச்சர்?"

"வரா. முதல் பெஞ்சுல உட்கார்றா. நான் கண்ணால பாக்கறேன். நான் பாத்தாப் போறாது. நம்பர் சேரலைன்னா அவ இல்லைன்னுதான் கணக்கு."

"கார்டு கையில இல்லன்னு போன வருசமே சொன்னேனே."

"நம்பர் இருக்கே, சேக்கறச்சே நீ குடுத்த ஜெராக்ஸ்ல. கைக்குழந்தையில எடுத்தது. அஞ்சு வயசு தாண்டினா கைரேகை, கண்ணு எல்லாம் குடுத்துப் புதுப்பிக்கணும். மூணு வருஷமா உங்கிட்ட சொல்லிண்டிருக்கேன். ஏன் போக மாட்டேங்கற?"

செல்வி வாளியில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு," என்றாள் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "எனக்கு வேலை போகாது. வேற ஸ்கூலுக்கு மாத்துவா. பறவூரோ அங்கமாலியோ. வீட்டுல படுத்த படுக்கையா ஒரு மனுஷர் இருக்கார், அவரை விட்டுட்டு தினம் ரெண்டு பஸ் மாறணும். அவ்வளவுதான்."

திட்டியிருந்தால்கூட எழுந்து வந்திருக்கலாம். செல்வி, "நாளைக்குப் போறேன் டீச்சர்" என்றாள்.

அவள் குடியிருந்தது பத்ருன்னிசாவின் வீட்டு மாடியில். பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே ஒரு அறையும் அடுக்களையும், மேலே ஓடு வேய்ந்த ஓர் அறை. பத்ருன்னிசா ராவுத்தர் குடும்பம். அவளுடைய அத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மிளகு வியாபாரத்துக்கு வந்தவர்கள். புருஷன் இறந்து ஏழு வருஷம், பிள்ளைகள் இல்லை. காலையில் சாயாக்கடைகளுக்கு அரிசிமாவில் பத்திரி சுட்டுக் கொடுப்பாள். தமிழில் ஆரம்பிக்கிற பேச்சு பாதி வழியில் மலையாளத்துக்குப் போய்த் திரும்பும்.

"என்னடீ முகம் இப்படிக் கெடக்கு? புள்ளைக்குப் பனியா, காச்சலா?"

"அதெல்லாம் இல்ல இத்தா." செல்வி அடுக்களைப் படியில் உட்கார்ந்தாள். புருஷனை விட்டு வந்தவள் என்பது மட்டும்தான் பத்ருன்னிசாவுக்குத் தெரியும். மிச்சத்தை அன்றைக்குத்தான் சொன்னாள்.

"எங்க மூணு பேரு ஆதார்லயும் அவரு போன் நம்பர்தான் இத்தா. அப்பம் எங்கிட்ட ஏது போனு? எழுதிக் குடுத்தது அவரு. பேங்குல மெசேஜ் வந்தா அவருக்கு. ரேசன்ல கை வச்சா அவருக்கு. ரெண்டாவது முழுகாம இருந்தப்ப நானே போய் ஆஸ்பத்திரியில பதிஞ்சேன். நர்சு கார்டப் பாத்து அந்த நம்பரையே போட்டுட்டாவ. நான் பஸ்ஸ விட்டு எறங்கி வீட்டுக்கு வாரதுக்குள்ள மெசேஜ் போய்ட்டு. 'யாரக் கேட்டுட்டிப் போன?'ன்னு ஒலக்கைய எடுத்தாரு."

மணிக்கட்டை இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

"அந்தப் பிள்ள தங்கல. அதுக்குப் பெறவு ரெண்டு வருசம் இருந்து பாத்தேன். வெளிய போனா கதவப் பூட்டிட்டுப் போவாரு."

"போலீசுல சொல்லலியா நீ?"

"சொன்னேன். ரைட்டர் என் கார்டப் பாத்து அதுல கெடந்த நம்பருக்கே போனப் போட்டு, 'வந்து கூட்டிட்டுப் போப்பா'ன்னாரு."

பத்ருன்னிசா அடுப்பை அணைத்தாள். வெளியே ஓடையில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது.

"செரி. நம்பர மாத்துனாப் போதுமல்லோ? நாளைக்கு நானும் வாறேன். ஆதார் எடுக்கிற எடத்துல நம்ம நிகில் இருக்கான், நல்ல பையன்."

மறுநாள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனார்கள். பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது ஆதார் எடுக்கும் இடம். ஈரக் குடைகளின் வாடை. டோக்கன் நாற்பத்திரண்டு. காத்திருந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள்தான்.

மகளின் முழுப்பெயர் பேச்சிப்ரியா. வீட்டில் பேச்சி, பள்ளியில் ப்ரியா. நாலு விரல், நாலு விரல், அப்புறம் இரண்டு கட்டைவிரல் என்று கண்ணாடியில் வைத்தாள். கண்ணுக்கு முன்னால் பிடித்த கருவியை இமைக்காமல் பார்த்தாள். நிகில் அவளிடம் மலையாளத்தில் ஏதோ சொல்ல, சிரித்தாள். அந்தச் சிரிப்பு படமாகிவிட்டது.

செல்வியின் விரலை யந்திரம் ஏற்கவில்லை. சுண்ணாம்பு ரேகையைத் தின்றிருந்தது. நிகில் கண்ணைக் கருவியில் காட்டச் சொல்லி எடுத்தான். திரையில் வந்ததைப் பார்த்துவிட்டு அவன் கை நின்றது.

"சேச்சி, அட்ரஸ் இவிடத்தது ஆணல்லோ? மட்டாஞ்சேரி. மாத்தி ஒரு வருஷம் ஆச்சு."

"ஆமா தம்பி. கிட்டங்கியில நலவாரியத்துக்கு முகாம் போட்டாவ. இங்கத்த அட்ரஸ் இருந்தாத்தான் அட்டைன்னாவ. அதுக்கு போன் மெசேஜ் ஒண்ணும் போவாதுன்னாவ. இத்தாதான் கவுன்சிலர்ட்ட லெட்டர் வாங்கித் தந்தாவ."

"அப்போ போன் நம்பர் மாத்தலயா?"

"யாரும் கேக்கலியே."

நிகில் நாற்காலியைத் திருப்பிக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னான். "சேச்சி, பேடிக்க வேண்டா, பயப்படாம கேளுங்க. அந்தப் போன் யாரு கையில இருக்கோ, அவருக்கு சேச்சியோட ஆதார் நம்பர் தெரிஞ்சா போதும். ஓடிபி அந்தப் போனுக்குப் போகும். அத அடிச்சா கார்டு முழுசும் டவுன்லோட் ஆகும். அட்ரஸ் அதுல இருக்கும்."

"நம்பர் அவருக்குத் தெரியும். மூணு ஜெராக்சும் அவர்ட்ட இருக்கு. எப்பம் எடுக்கலாம் தம்பி?"

"எப்போ வேணும்னாலும். இந்த ஒரு வருஷமா."

ஒரு வருஷம். இந்த ஒரு வருஷத்தில்தான் அவள் கதவுக்குப் பின்னால் அம்மிக்கல்லை நகர்த்தி வைக்காமல் தூங்கப் பழகியிருந்தாள்.

பத்ருன்னிசா, "யா அல்லாஹ், நான்தானடீ கவுன்சிலர் ஒப்பு வாங்கித் தந்தது" என்றாள்.

"இப்ப மாத்திட்டீயள்லா?" என்றாள் செல்வி.

"ரிக்வெஸ்ட் போடறேன். மேல அவங்க பாத்து சரி செய்யணும். சிலப்போ மூணு நாள், சிலப்போ ரெண்டு வாரம். அதுவரைக்கும் பழைய நம்பர்தான். குட்டியோடதும் அதே நம்பர். ஏதும் மாத்தினா அதுக்கு மெசேஜும் போகலாம், எனக்கு உறப்பில்லா, நிச்சயமாத் தெரியாது."

"போவாமத் தடுக்க முடியாதா?"

"குட்டியோடத கேன்சல் செய்யலாம். ஆனா ஸ்கூல்ல…"

பின்னால் டோக்கன் நாற்பத்து மூன்று எழுந்து நின்றது. செல்வி மகளைப் பார்த்தாள். பேச்சி கண்ணாடித் தட்டில் பதிந்திருந்த தன் விரல் ஈரத்தைப் பாவாடை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அனுப்புங்க தம்பி," என்றாள் செல்வி. "என்னைக்கானாலும் கேட்டுக்கிட்டேதான் இருக்கப் போறாவ."

ரசீதிலிருந்த எண்ணை டீச்சர் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஆறாம் வேலை நாள் சாயங்காலம் போனில் "எண்ணியாச்சு, செல்வி" என்று மட்டும் சொன்னாள். டிவிஷன் தப்பியது.

அப்புறம் காத்திருப்பு. செல்வி தினமும் மத்தியானம் நிகிலுக்குப் போன் செய்தாள். தினமும் அவன் "ஆயிட்டில்லா சேச்சி, இன்னும் ஆகல" என்றான். கிட்டங்கிக்குப் பஜார் வழியாகப் போகாமல் பின் சந்தால் போனாள். "நம்ம ஊர்ப் பேச்சு பேசிட்டு யாரு வந்தாலும் நின்னு பேசப்படாது" என்று மகளிடம் சொல்லிவைத்தாள். ஏன் என்று பேச்சி கேட்கவில்லை. ராத்திரி அம்மிக்கல் மறுபடியும் கதவுக்கு வந்தது. அதை நகர்த்தும்போதெல்லாம் கீழே பத்ருன்னிசாவுக்குக் கேட்கும். அவளுக்கும் தூக்கமில்லை. விசைப்படகுத் தடை வந்து மீன் விலை ஏறியது. பயற்றுக் கறியும் கஞ்சியுமாக நாட்கள் போயின.

பத்தாம் நாள் மத்தியானம், அரிசிமாவு ஒட்டிய கையோடு பத்ருன்னிசா வாசலுக்கு வந்தபோது படியில் ஒருத்தன் நின்றிருந்தான். மெலிந்த ஆள். குடை இல்லை. சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டிருந்தான். செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தான். கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள்.

"இது பத்ருன்னிசாங்கிறவிய வீடாம்மா?"

செல்வியின் ஊர்ப் பேச்சு. அந்த ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது அவளுக்கு. சந்தில் நிற்கவிட்டால் போகிறவர் வருகிறவர் யாராவது 'செல்வியா, மேலேதான்' என்று சொல்லிவிடுவார்கள். "மழை நனையாம உள்ள வா," என்றாள்.

"என் பேரு தங்கதுரை. லோடு வண்டி ஓட்டுதேன். இசக்கிசெல்வி வீட்டுக்காரன்."

"அவ இங்க இல்லே. காலி பண்ணிப் போயி ரெண்டு மாசம் ஆச்சு."

அவன் ஆத்திரப்படவில்லை. உறையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பை நீவி, மேசைமேல் வைத்தான். "பாருங்க. கேர் ஆஃப்னு உங்க பேரு. வீட்டு நம்பர், சந்து, பின்கோடு. நான் யார்ட்டயும் வழி கேக்கல. போஸ்ட்மேன் மாதிரி நேரா வந்துட்டேன்."

"பேப்பர்ல இருந்தா ஆளு இருக்கணும்னு உண்டா?"

"வீடு மாறுனா மாத்தணும்லா. மாத்தலியே."

"இதை உனக்கு ஆரு தந்தது?"

"யாரும்மா தரணும்? கவர்மெண்டுதான். பிள்ள ஆதாருக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. நாலு வருசத்துக்குப் பெறவு. வண்டிய ரோட்டோரம் நிப்பாட்டிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். உசுரோட இருக்காளுவளா இல்லியான்னு தெரியாம இருந்தவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. பெறவு கம்ப்யூட்டர் கடையில செல்வி நம்பரப் போட்டேன். ஓடிபி எனக்குத்தான வரும். அடிச்சேன், வந்துட்டு. நான் ஒண்ணும் திருடல."

அவன் கண் கலங்கியிருந்தது. பத்ருன்னிசாவுக்கு ஒரு கணம் மனசு இளகியது நிஜம். நாலு வருஷம் பெண்டாட்டி பிள்ளையைக் காணாத மனுஷன். சாயா போட்டுக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

"நான் வம்புக்கு வரல. பாக்கணும், அம்புட்டுதான். எங்க வேல செய்யா?"

"எனக்குத் தெரியாது."

"எத்தன மணிக்கு வருவா?"

"வரமாட்டான்னு சொல்றேன் அல்லோ."

"மேல யாரு இருக்கா?" பார்வை மாடிப்படிக் கம்பிக்குப் போயிருந்தது. அதில் ஒரு சின்னப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. கண் கலங்கல் எல்லாம் வடிந்துவிட்டிருந்தது. விரல்கள் அந்தத் தாளை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் பேச்சி வந்தாள். வகுப்புக்குள் தண்ணீர் ஏறியதால் பள்ளியை மத்தியானமே விட்டிருந்தார்கள். யூனிபாரம் உடம்போடு ஒட்ட, தலையிலிருந்து நீர் வழிய, வாசற்படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்றாள். கழுத்தில் பள்ளி அடையாள அட்டை தொங்கியது.

பத்ருன்னிசா எழுந்தாள். தோளில் கிடந்த முக்காட்டுத் தட்டத்தை எடுத்து அவள் தலைமேல் போட்டு அழுத்தித் துவட்டினாள். "எடீ ஹாதியா, நனஞ்சு போயல்லோ! குட எவிட? மேலே போய் உடுப்பு மாத்து." பிறகு அவனிடம் திரும்பி, "என் தம்பி நஜீமோட மவ. இங்க நின்னு படிக்கிறா" என்றாள்.

நஜீமுக்கு ஹாதியா என்று ஒரு மகள் உண்டு. வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டும் அவன் அவளை ஆலுவாவில் விடுதியில் சேர்த்திருந்தான். வாயில் அந்தப் பெயர்தான் வந்தது.

பேச்சி மேலே போகவில்லை. தட்டத்தின் விளிம்பு நெற்றியில் சொட்ட, நாற்காலியில் இருந்தவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பேரென்ன பாப்பா?" என்றான் தங்கதுரை.

பத்ருன்னிசாவுக்கு மழைச் சத்தமே கேட்காமல் போயிற்று. அவன் கண் அடையாள அட்டைக்கு வந்தது. அதில் பெயரும் வகுப்பும் மலையாளத்தில், அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருந்தன. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மறுபடி முகத்தைப் பார்த்தான்.

"ஹாதியா," என்றாள் பேச்சி.

"என்ன படிக்க?"

"அஞ்சாம் க்ளாஸ்."

"எம் மவளும் அஞ்சுதான் படிப்பா," என்றான் பத்ருன்னிசாவிடம். "இம்புட்டு உசரம் இருப்பா இப்பம்."

பேச்சி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி, ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போனாள்.

தங்கதுரை சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "நாளைக்கு லோடு இருக்கு, போணும். ஆனா திரும்பவும் வருவேன். இந்தப் பேப்பர்ல அட்ரஸ் மாறுற வரைக்கும் எனக்கு இதுதான் வாசல். மாறுனா அந்த வாசலுக்குப் போவேன்." கும்பிட்டுவிட்டுத்தான் போனான்.

அவன் சந்தைக் கடந்ததும் பத்ருன்னிசா கதவை அடைத்தாள். கிட்டங்கியில் இருந்த செல்விக்குப் போன் போட்டாள். செய்தி கேட்ட செல்வி முகத்துணியை அவிழ்க்கவே இல்லை. சாயங்காலம் வரை சல்லடைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இடையில் வசந்தி எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பஜாரில் அவன் யாரையோ விசாரித்தான் என்று சுமைக்காரர் ஒருவர் பிறகு சொன்னார். கிட்டங்கிகளின் வாசலில் ஒவ்வொன்றாக நின்று எட்டிப் பார்த்தானாம்.

இருட்டும் முன் பின் சந்தால் வந்து செல்வி மாடி ஏறினாள். பேச்சி ஈர யூனிபாரத்தோடு மேற்படியில் உட்கார்ந்திருந்தாள். தட்டம் இன்னும் தலையில் இருந்தது.

"ஏட்டி, துணியக்கூட மாத்தலியா? காச்ச வந்துராதா?"

"அம்மே," என்றாள் பேச்சி. "அப்பாக்கு என்னை மனசிலாகல, அடையாளமே தெரியல."

"நல்லதுட்டி. கும்பிடுத சாமிதான் கண்ண மறச்சிருக்கு."

"நல்லதுதான்." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு அவர் பேசுற ஒச்ச கேட்டதுமே தெரிஞ்சுது. படிக்கு வெளியவே தெரிஞ்சுது. அதுக்குப் பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்னேன்."

செல்வி அவள் தலையிலிருந்து தட்டத்தை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

ராத்திரிக் கஞ்சிக்கு மூவரும் கீழே உட்கார்ந்தார்கள். வசந்தி காயலுக்கு அக்கரையில், வைப்பின் தீவிலிருந்து போன் செய்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இருக்கிறது, மீன்வலை போட்டுவைக்கிற இடம், ஒதுக்கித் தருகிறேன் என்றாள்.

"போறேன் இத்தா," என்றாள் செல்வி. "வேற வழி தெரியல. ஊரு ஊரா ஓடவும் தெம்பில்ல. எங்க போனாலும் இதே நம்பரத்தான் நீட்டணும். இனி அங்க போய் அட்ரஸ் மாத்தணும்."

"மாத்தாதே."

"என்ன சொல்லுதிய?"

"மாத்தாதேன்னு சொன்னேன். போன் நம்பர் மாறட்டும். அட்ரஸ் இங்கேயே கெடக்கட்டும். பேப்பர்ல இந்த வாசல் உள்ள வரைக்கும் அவன் இங்கதான் வருவான், அவன் வாயாலயே சொல்லிட்டான். வந்தா நான் இருக்கேன் அல்லோ."

"உங்களுக்கு எதுக்கு இத்தா இந்தத் தொல்ல? கைய ஓங்குத ஆளு அது."

"எனக்கும் பேடிதான்டீ. ஆனா நான் வாங்குன ஒப்பு, நான் காட்டுன வழி. வாறவனுக்கு ஒரு கிளாஸ் சாயா, அவ்வளவுதானே. நஜீமையும் இடைக்கிடைக்கு வரச் சொல்றேன்."

மறுநாள் விடியற்காலை. இரண்டு பாத்திர மூட்டையும் ஒரு பையுமாக ஃபோர்ட் கொச்சி வரை ஆட்டோவில் போய்ப் படகேறினார்கள். ஆதார் அட்டையில் அவர்கள் மட்டாஞ்சேரியில் இருந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் ஐந்து மணிக்கு விழிப்பு. சாய்ப்பில் உப்புக்காற்றோடு பழைய வலையின் நாற்றம். சோறு பொங்கி, தூக்கில் அடைத்து, ஏழு மணிப் படகு. மழைக்காலக் கூட்டத்தில் படகில் உட்கார இடம் கிடைக்காது. இறங்கி மட்டாஞ்சேரிக்குப் பஸ். மகளைப் பள்ளியில் விட்டு, கிட்டங்கிக்குப் போய் முகத்துணி கட்டும்போதே செல்விக்கு ஒரு நாள் வேலை முடிந்ததுபோல் இருக்கும். சாயங்காலம் அதே வழி. பள்ளி விட்டதும் பேச்சி பத்ருன்னிசா வீட்டில் இருந்துவிட்டு அம்மாவோடு திரும்புவாள். செல்விக்கு அதில் பயம்தான். வேறு எங்கே விடுவது? சந்து முனையில் சாயாக்கடைக்காரரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். வெளியூர் ஆள் வந்தால் அவர் பேச்சியைக் கடையிலேயே நிறுத்திக்கொள்வார்.

போன் எண் மாறிவிட்டது என்ற செய்தி பதினேழாம் நாள் செல்வியின் போனுக்கு வந்தது. படகில் நின்றுகொண்டே படித்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. கால் வலித்தது.

ஜூலை கடைசியில் தங்கதுரை மறுபடி வந்தான். பேச்சி பள்ளியில் இருந்த நேரம். பத்ருன்னிசா சாயா கொடுத்தாள். அவள் இங்கில்லை, எங்கென்று தெரியாது என்று அதையே திரும்பச் சொன்னாள். இந்தத் தடவை ஓடிபி வரவில்லை என்று அவன் கத்தினான். நாற்காலியைத் தள்ளிவிட்டான். உள்ளேயிருந்து நஜீம் எழுந்து வந்து வாசலில் நின்றதும் குரல் இறங்கியது. அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

சாயங்காலம் பேச்சி வந்தபோது கவிழ்ந்த நாற்காலியின் கால் ஒன்று கழன்று கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பையைக் கழற்றாமல் நின்றாள்.

"அவர் வந்துச்சா இத்தா?"

பத்ருன்னிசா பொய் சொல்ல நினைத்தாள். அலுப்பாக இருந்தது. "வந்துச்சு. போயிருச்சு."

பேச்சி நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வைத்தாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்.

"புள்ளையப் பத்திக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நல்லாப் படிக்குதான்னு கேட்டுச்சு."

"ஆரை? ஹாதியாவையா, என்னையா?"

பத்ருன்னிசா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கல் காய்ந்து புகைந்தது. பேச்சி அடுப்படிக்கு வந்து அவள் எதிரே நின்றாள்.